காசு போட்டால் ஓடும் பாட்டுப் படங்கள்: சவுண்டீஸ், பனோரம், ஸ்கோப்பிடோன் (விவாத இழை)

நாணயத்துளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் 1940 முதல் 1947 வரை, காசு போட்டால் ஓடும் பெட்டிகளுக்கென்றே எடுக்கப்பட்ட மூன்று நிமிடப் பாட்டுப் படங்களை, அதாவது சவுண்டீஸ் என்னும் பெயரில் வந்தவற்றை, 'இன்றைய மியூசிக் வீடியோவுக்கு முன்னோடி' என்ற ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வரியில் உண்மை உண்டு. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கினால், அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பது பிடிபடாமலே போகும். மியூசிக் வீடியோ, பாட்டை விற்பதற்காக எடுக்கப்படுவது. சவுண்டீஸ், பெட்டியில் விழும் பத்து சென்ட் நாணயத்துக்காக எடுக்கப்பட்டவை. படத்தின் நீளம், நடை, வரிசை, எந்தக் கலைஞருக்கு எந்த இடம் என்பது உட்பட எல்லாவற்றையும் அந்தப் பெட்டியே தீர்மானித்தது என்பது என் வாதம்.

பெட்டியைச் செய்தவர்களைப் பாருங்கள். சிகாகோவில் இருந்த மில்ஸ் நாவல்டி கம்பெனி திரைப்பட நிறுவனமன்று. சூதாட்டப் பொறிகள், நாணயம் போட்டால் தானே வயலின் வாசிக்கும் 'வயலானோ விர்ச்சுவோசோ', ஜூக்பாக்ஸ் என்று காசு விழும் துளை உள்ள பொருள்களையே அது காலங்காலமாகச் செய்து விற்றது. அந்த வரிசையில் 1940இல் வந்த அடுத்த சரக்குதான் பனோரம். அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட் இதில் கூட்டுச் சேர்ந்ததால் பத்திரிகைகளில் விளம்பரம் தானாகவே கிடைத்தது. ரூஸ்வெல்ட், பாடலாசிரியர் சாம் காஸ்லோ, மில்ஸ் ஆகியோரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.சி.எம். என்று பெயரிட்ட நிறுவனம் ஹாலிவுட்டிலும், மில்ஸின் சொந்த நிறுவனமான மினோகோ நியூயார்க்கிலும் படங்களை எடுத்தன. ஏழு ஆண்டுகளில் மொத்தம் 1,800க்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன.

ஒரு ரீலில் எட்டுப் படங்கள் இருந்தன. காசு போட்டவர் அவற்றில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வரிசையில் அடுத்து எது நிற்கிறதோ அதுதான் ஓடும். இந்த ஒரு குறையிலிருந்தே மற்ற எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதுங்கள்.

---

உருளைச்சட்டம் எழுதியது:

தேர்வு ஏன் இல்லை என்பதற்குப் பொறியின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. பழைய 16 மி.மீ. புரொஜெக்டர்களைப் பழுது பார்த்துவரும் அனுபவத்தில் அதைச் சொல்கிறேன்.

ஜூக்பாக்ஸில் இசைத்தட்டுகள் தனித்தனியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கை போய் வேண்டிய தட்டை எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. படச்சுருளில் அது எளிதன்று. 16 மி.மீ. ஒலிப்படம் நொடிக்கு 24 சட்டகம் வீதம், நிமிடத்துக்கு 36 அடி ஓடும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 108 அடி. எட்டுப் பாட்டுக்கு 860 அடிக்கு மேல். ஐந்தாவது பாட்டு வேண்டுமென்றால் நடுவில் உள்ள நூற்றுக்கணக்கான அடிகளைத் தாண்டியாக வேண்டும். அதற்குள் வாடிக்கையாளர் கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்து போயிருப்பார். ஆகவே, முனைகள் ஒட்டப்பட்டு முடிவில்லாமல் சுற்றும் ஒரே வளையமாகச் சுருளை அமைத்தார்கள். காசு விழுந்தால் ஒரு படம் ஓடும். அது முடிந்ததும் பொறி தானே நின்று அடுத்த காசுக்குக் காத்திருக்கும். திரும்பச் சுற்ற வேண்டியதில்லை, சுருள் மாட்டுவதற்கு ஆளும் வேண்டியதில்லை. மதுக்கடையில் ஆளின்றி நாள் முழுவதும் ஓட வேண்டிய பொறிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அன்றைய தொழில்நுட்பத்தில் இருந்திருக்க முடியாது.

ஏறத்தாழ ஆள் உயரத்தை மிஞ்சும் மரப்பெட்டிக்குள் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் புரொஜெக்டர் அடியில் இருக்கும். ஒளி கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, மேலே உள்ள ஏறக்குறைய இரண்டடி அகலத் திரையின் பின்புறத்தில் விழும். படத்தைப் பின்னாலிருந்து வீசுவதால் விளக்கெரியும் கடையிலும் ஓரளவு தெளிவாகத் தெரியும். அந்த ஒளிப்பாதையில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால், இந்தப் பெட்டிக்கென அச்சிட்ட பிரதிகளில் பிம்பத்தை முன்கூட்டியே இடவலம் மாற்றி, அதாவது கண்ணாடியில் தெரிவது போல, அச்சிட்டார்கள். இதன் விளைவைப் பிறகு எழுதுகிறேன்.

---

படிகம் எழுதியது:

நாணயத்துளை அவர்களின் வாதம் அழகாக இருக்கிறது. அழகான ஒற்றைக் காரண விளக்கங்கள் மீது எனக்கு எப்போதும் ஐயம் உண்டு.

தேர்வு இல்லாததுதான் குறை என்றால், தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க ஊரே கூடியதை எப்படி விளக்குவது? அங்கும் அடுத்த பாட்டு எதுவென்று நாம் தேர்ந்தெடுக்கவில்லையே. பனோரம் விழுந்ததற்குப் போரே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். 1942இல் அமெரிக்க அரசு ஜூக்பாக்ஸ் உள்ளிட்ட காசுப் பொறிகளின் உற்பத்தியை நிறுத்தி, அந்தத் தொழிற்சாலைகளைப் போர்க்கருவி செய்யத் திருப்பிவிட்டது. சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத பெட்டிக்கு அது பேரடி. செய்யப்பட்டவை மொத்தமே சில ஆயிரம் பெட்டிகள்தாம். அதே 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை விதித்தது. இசைத்தட்டு நிறுவனங்களில் டெக்கா 1943இல் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்தன. வாரந்தோறும் எட்டுப் புதிய படங்கள் கொடுத்தாக வேண்டிய ஒரு தொழில், பெட்டியும் பெருகாமல் வாத்தியக்காரரும் தாராளமாகக் கிடைக்காமல் எப்படி வளரும்?

---

நாணயத்துளை எழுதியது:

படிகம் அவர்களே, தூர்தர்ஷனில் ஒவ்வொரு பாட்டுக்கும் காசு கேட்டிருந்தால் ஊர் கூடியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். இலவசமாக வருவதில் வரிசையைப் பொறுத்துக்கொள்வோம். கையிலிருந்து காசு போகும்போது பொறுத்துக்கொள்ள மாட்டோம்.

கணக்கையும் பாருங்கள். அதே கடையின் மூலையில் நின்ற ஜூக்பாக்ஸில் ஐந்து சென்ட் போட்டால் இருபதுக்கும் மேற்பட்ட தட்டுகளிலிருந்து விரும்பியதைக் கேட்கலாம். பனோரமில் அதைப் போல் இரு மடங்கு காசு போட்டு, விரும்பாததையும் பார்க்க வேண்டியிருந்தது. மேலும், ஒருவர் காசு போட்டால் கடையில் இருக்கும் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால், அடுத்தவர் காசு போடட்டும் என்று காத்திருப்பதே பலருக்கும் லாபமாக இருந்திருக்கும். எட்டுப் படங்களும் ஒரு சுற்று வந்துவிட்டால், வழக்கமான வாடிக்கையாளருக்கு அடுத்த வாரம் ரீல் மாறும்வரை அந்தப் பெட்டியில் புதிதாக எதுவும் இல்லை. போர் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது என்பதை ஏற்கிறேன். ஆனால் போர் முடிந்து, தடைகள் விலகிய 1946இலும் இந்தத் தொழில் மீண்டெழவில்லையே!

---

நீலஸ்வரம் எழுதியது:

பெட்டி ஏன் தோற்றது என்பதைவிட, தோற்ற பெட்டி நமக்கு விட்டுச்சென்றது என்ன என்பதே என்னைப் போன்ற ஜாஸ் ரசிகர்களுக்கு முக்கியம்.

ஜாஸ் பியானோ கலைஞரும் பாடகருமான ஃபேட்ஸ் வாலர் 1943 டிசம்பரில் இறந்தார். பெரிய படங்களில் அவர் தோன்றியவை மிகச் சில. அவற்றிலும் கதைக்கு நடுவே வந்து போவார். 1941இல் அவர் நடித்த நான்கு சவுண்டீஸ் படங்களில்தான், பியானோ முன் அமர்ந்து, புருவத்தை ஏற்றி இறக்கி, வரிக்கு வரி கேலி பேசிப் பாடும் முழு வாலரையும் பார்க்கிறோம். கவுண்ட் பேஸி, லூயி ஆம்ஸ்ட்ராங், கேப் காலோவே, நாட் கிங் கோல், சிஸ்டர் ரொசெட்டா தார்ப் ஆகியோரும் இந்தப் படங்களில் இருக்கிறார்கள். டோரிஸ் டே, லிபராச்சே, ரிக்கார்டோ மொண்டல்பான் போன்றவர்கள் பெரும் புகழ் பெறுவதற்கு முன் இந்தச் சிறு திரையில் வந்து போனவர்கள்தாம்.

என் நெஞ்சுக்கு நெருக்கமானவை டியூக் எலிங்டன் குழு 1941 கடைசியில் ஹாலிவுட்டில் நடித்த ஐந்து படங்கள். அவற்றுள் 'ஜாம் செஷன்' என்பதில் ஒவ்வொரு கலைஞரும் தனி வாசிப்புக்கு எழும்போது அவர் பெயர் திரையில் எழுத்தாக வருகிறது. ரே நான்ஸின் வயலின், ரெக்ஸ் ஸ்டூவர்ட்டின் கார்னெட், பென் வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸ், 'ட்ரிக்கி சாம்' நான்டனின் டிராம்போன், பார்னி பிகார்டின் கிளாரினெட் என்று பக்கவாத்தியக்காரர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய படம் அக்காலத்தில் அரிதினும் அரிது. 'ஹாட் சாக்லெட்' என்ற மற்றொன்றில் வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் என்ற நடனக் குழு ஆடும் வேகத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கும் லிண்டி ஹாப் கற்பவர்கள் அடவுகளைப் பிரித்துப் படிக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை நம் திரைப்படப் பாடல்களைப் போலவே முதலில் ஒலிப்பதிவு செய்து, பிறகு அதை ஒலிக்கவிட்டு வாயசைத்தும் விரலசைத்தும் எடுக்கப்பட்டவை. ஒரே நாளில் பல பாடல்களை முடித்துவிடும் அவசரமும் அதில் இருந்தது. ஆகவே திரையில் காணும் விரல்களைக் கொண்டு இன்ன சுருதியை இப்படித்தான் பிடித்தார் என்று முடிவு கட்டக் கூடாது. சில படங்களில் ஒலிப்பதிவில் வாசித்தவர் ஒருவராகவும், திரையில் வாத்தியத்தைப் பிடித்திருப்பவர் வேறொருவராகவும் இருப்பார்.

---

கீழ்ப்படி எழுதியது:

நீலஸ்வரம் ஐயா குறிப்பிட்ட பெயர்களில் பெரும்பாலானவை கறுப்பினக் கலைஞர்களின் பெயர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1,800க்கும் மேற்பட்ட படங்களில் அவர்கள் நடித்தவை ஏறக்குறைய 300 மட்டுமே. ஆனால் இன்று நாம் விரும்பித் தேடிப் பார்ப்பவை பெரும்பாலும் அந்த 300தாம். அக்கார்டியன், ஹவாய் நடனம், அசட்டு நகைச்சுவை என்று மற்றவற்றின் பெரும்பகுதி காலத்தோடு போய்விட்டது.

இங்கேதான் 'பெட்டியே தீர்மானித்தது' என்ற வாதம் எனக்கு வேறொரு வகையில் பயன்படுகிறது. நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் கறுப்பினக் கலைஞர்களின் படங்கள் இன அடையாளத்தோடு தனித் தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டன. வாராந்திர ரீலில் அத்தகைய படம் பெரும்பாலும் ஒன்று இருக்கும்; அதன் இடம் வழக்கமாகக் கடைசியில், எட்டாவதாக. வரிசையை மாற்ற முடியாத ஒரு பொறியில் எட்டாவது இடம் என்றால், முந்தைய ஏழுக்கும் யாரோ காசு போட்ட பிறகே அது திரைக்கு வரும். அதே வரிசை வேறு வழியிலும் வேலை செய்தது. எலிங்டனைப் பார்க்க விரும்பியவர் முந்தைய ஏழையும் தாண்ட வேண்டியிருந்ததைப் போலவே, தனித்த திரையரங்குகளும் தனித்த இருக்கைகளும் வழக்கமாயிருந்த நாட்டில், கறுப்பினக் கலைஞரைக் காசு கொடுத்துப் பார்த்திருக்கவே மாட்டாதவர் முன்னாலும், அவர் தேர்ந்தெடுக்காமலே, சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கிடாருடன் வந்து நின்றார்.

இந்தப் படங்களை எல்லாம் விடுதலைச் சின்னங்களாக நான் காட்ட வரவில்லை. பருத்திக் காடு, பகடையாட்டம், தர்பூசணி என்று இழிவான பழைய வார்ப்புகள் ஏராளம். லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற மேதையைக்கூட அத்தகைய பின்புலத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆயினும் மலிவான, விரைவான, யாரும் உற்றுக் கவனிக்காத தயாரிப்பு என்பதால் பெரிய ஸ்டூடியோக்களில் நடக்காதவை சில இங்கே நடந்தன. ஜீன் க்ரூபாவின் குழுவினர் 1942இல் நடித்த படத்தில் வெள்ளைப் பாடகி அனிதா ஓ'டேயும் கறுப்பின எக்காள வித்துவான் ராய் எல்ட்ரிட்ஜும் சமமாக நின்று கிண்டல் பேசிக்கொள்கிறார்கள். கறுப்பின நடிகை டோரதி டான்ட்ரிட்ஜ் வேலைக்காரி வேடம் போடாமல், நாகரிக உடையில் நகர்ப்புற இளம்பெண்ணாகவே ஆடிப் பாடுகிறார். 1946இல் ஆனா மே வின்பர்ன் தலைமையில் 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்ற முழுப் பெண்கள் குழு படமாக்கப்பட்டது. பல இனப் பெண்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்த அந்தக் குழு தெற்கு மாநிலங்களில் பயணம் செய்வதற்கே அஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் படங்கள் எடுக்கப்படாதிருந்தால் அவர்கள் வாசித்த கோலம் நமக்கு எழுத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

---

படிகம் எழுதியது:

கீழ்ப்படி அம்மா எழுதியதைப் படித்த பின், வரிசை என்பதன் எடை எனக்கு நன்றாகவே புரிகிறது. இருந்தும் ஒரு கேள்வி நிற்கிறது. எல்லாவற்றையும் பெட்டியே தீர்மானித்தது என்றால், பெட்டிக்காக எடுக்கப்படாத படங்களும் அதில் ஓடியது எப்படி? கறுப்பினப் பாடகர் லூயி ஜோர்டானின் 'கால்டோனியா' 1945இல் வில்லியம் ஃபாரஸ்ட் க்ரவுச் இயக்கத்தில், கறுப்பினத்தவர் கூடும் திரையரங்குகளுக்கென எடுக்கப்பட்ட குறும்படம். அதிலிருந்து பாட்டுகளை நறுக்கிச் சவுண்டீஸ் ஆக்கினார்கள். பிற்காலத்தில் பழைய படங்களிலிருந்து வெட்டி எடுத்த பாட்டுக் காட்சிகளும் ரீலில் சேர்ந்தன.

---

நாணயத்துளை எழுதியது:

அந்த எடுத்துக்காட்டு என் பக்கமே சாய்கிறது. வாரம் எட்டுப் படம் என்ற பசி அடங்காததால்தான் நறுக்கிய துண்டுகளும் ரீலுக்குள் வந்தன. ஜோர்டான் இதை வேறு எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே படப்பிடிப்பைத் திரையரங்குக் குறும்படமாகவும் பெட்டிப் படமாகவும் காட்டி, அந்த ஊருக்குத் தம் குழு கச்சேரிக்கு வரும்போது தம் முகத்தையும் இடுப்பசைவையும் முன்பே அறிந்த கூட்டத்தைத் திரட்டிக்கொண்டார். முன்னோடி என்ற சொல்லை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நான் அவருக்குக் கொடுப்பேன். பாட்டை விற்கப் படம் என்ற எண்ணம் அவரிடம்தான் தெளிவாக இருந்தது. மில்ஸ் கம்பெனிக்கு நாணயம் விழுந்தால் போதும்.

1947இல் கடை மூடப்பட்ட பின், படங்கள் வீட்டில் ஓட்டும் சுருள்களாக விற்கப்பட்டன. தொலைக்காட்சி நிலையங்கள் இடைவெளியை நிரப்ப அவற்றை வாங்கின. பெட்டிகள் சில, ஒருவர் மட்டும் துளை வழியே எட்டிப் பார்க்கும் ஆபாசப் படப் பெட்டிகளாக மாற்றப்பட்டன. அந்தக் கதையில் எனக்கு ஆர்வமில்லை.

---

மேல்மாடம் எழுதியது:

புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பிரான்ஸையும் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். தேர்வு இல்லை என்ற குறையைத் தீர்த்துவிட்டால் பெட்டி பிழைக்குமா என்பதற்கு அங்கே விடை கிடைத்தது.

1960இல் காமெக்கா நிறுவனம் ஸ்கோப்பிடோன் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. வண்ணப் படம், காந்தப் பட்டையில் ஒலி, 36 தனித்தனிச் சிறு சுருள்கள். பொத்தானை அழுத்தினால் வேண்டிய சுருளைப் பொறியே மாட்டி ஓட்டி, முடிந்ததும் திரும்பச் சுற்றி வைத்துவிடும். ஜானி ஹாலிடே, ஃப்ரான்சுவாஸ் ஆர்டி போன்றவர்கள் அதில் பாடினார்கள்; பிற்காலத்தில் புகழ்பெற்ற கிளாட் லலூஷ் தம் இளமையில் அதற்குப் படங்கள் இயக்கினார். 1964 முதல் அமெரிக்காவிலும் அது பரவியது. அங்கே அதை ஏற்று நடத்திய டெல்-ஏ-சைன் நிறுவனம் மறுபடியும் சிகாகோவைச் சேர்ந்ததே. ஒரு பாட்டுக்கு 25 சென்ட். நீச்சலுடைப் பெண்களைச் சுற்றியே எடுக்கப்பட்ட அதன் அமெரிக்கப் படங்களை ரசிக்க என்னால் இயலவில்லை. மாஃபியாத் தொடர்பு பற்றி 1966இல் விசாரணை எழுந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அங்கே கதை முடிந்துவிட்டது.

பிரான்ஸில் அது நீடித்தது, அதுவும் யாரும் எதிர்பாராத இடத்தில். அல்ஜீரியாவிலிருந்தும் மற்ற வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்த ஆண்கள், குடும்பத்தைப் பிரிந்து விடுதிகளில் தங்கி, மாலையில் கூடும் கஃபேக்களில் இந்தப் பெட்டி 1970களிலும் ஓடியது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அவர்களின் பாட்டுக்கு இடமில்லை. ஆகவே அரபு மொழியிலும், அல்ஜீரியாவின் பெர்பர் மக்களில் ஒரு பிரிவினர் பேசும் கபில் மொழியிலும் அவர்களுக்கென்றே படங்கள் எடுக்கப்பட்டன. சாலா சதாவி, சுலைமான் அஸெம், மஸூனி போன்ற பாடகர்கள் புலம்பெயர்வின் துயரத்தையும், பாரிஸ் வாழ்வின் ஏமாற்றங்களையும், சில சமயம் தங்கள் மீதே செய்துகொண்ட கேலியையும் அவற்றில் பாடினார்கள். ஆந்திரே தாவிஸ்-புவாயே என்ற பெண்மணி இத்தகைய படங்கள் பலவற்றை உருவாக்கினார். வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத ஒன்றைத் தந்ததால் அந்தப் பெட்டி பிழைத்தது. இதை நாணயத்துளை அவர்களின் கணக்கு முழுமையாகத் தழுவவில்லை என்று எண்ணுகிறேன்.

---

நாணயத்துளை எழுதியது:

ஐயா சொல்வதை மறுக்க முடியாது. தேர்வு வசதி அமெரிக்க ஸ்கோப்பிடோனைக் காப்பாற்றவில்லை. வேறு திரை இல்லாத மக்கள் பிரெஞ்சு ஸ்கோப்பிடோனைக் காப்பாற்றினார்கள். கீழ்ப்படி அம்மா குறிப்பிட்ட 300 படங்களுக்கும் இது பொருந்தும். எனினும் வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு 36 பாட்டு இருந்தது, தங்கள் பாட்டைத் தாங்களே அழுத்த முடிந்தது. எட்டாவதாக வரட்டும் என்று அவர்கள் காத்திருக்க நேர்ந்திருந்தால் அந்தக் கஃபேக்காரர் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

---

புதுவரவு எழுதியது:

இழையை ஆர்வத்துடன் படித்தேன். இணையத்தில் நான் பார்த்த சவுண்டீஸ் சிலவற்றில் கிடார்க்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்களாக இருக்கிறார்கள். உருளைச்சட்டம் ஐயா சொன்ன, இடவலம் மாற்றிய அச்சுதான் காரணமா?

---

உருளைச்சட்டம் எழுதியது:

ஆம், அதுவே காரணம். பனோரமுக்கென அச்சிட்ட பிரதியைச் சாதாரண புரொஜெக்டரில் மாட்டி, அதிலிருந்து நகலெடுத்தால் இடமும் வலமும் மாறிவிடும். தலைப்பு எழுத்து இடவலம் மாறி இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் சிலர் தலைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் ஏற்றுகிறார்கள். அப்போது பியானோவைப் பாருங்கள்: வாசிப்பவரின் இடக்கைப் பக்கம் மந்திர ஸ்தாயி இருக்க வேண்டும். டிராம்போன் குழலை வலக்கைதான் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஆண்களின் கோட்டில் இடப்புற மடிப்பு மேலாக வந்து பொத்தான் மாட்டியிருக்க வேண்டும். ஒரே ஒரு கலைஞர் மட்டும் மாறியிருந்தால் அவர் உண்மையிலேயே இடக்கைக்காரராக இருக்கலாம். குழுவே மாறியிருந்தால் பிரதிதான் மாறியிருக்கிறது. எந்தப் படத்தொகுப்பு மென்பொருளிலும் ஒரே சொடுக்கில் திருப்பிவிடலாம். திருப்பிய பிறகு நான்டனின் டிராம்போனைப் பாருங்கள். ஒலிக்கும் கையசைவுக்கும் ஒத்திசைவு சற்றுப் பிசகியிருந்தாலும், கையாவது சரியான பக்கம் இருக்கும்.